வீங்கின கன்னமும் மிச்சம் வைத்த மாத்திரையும்



இந்த மாதம் பல்லைப் பற்றிப் பேசுவோம். "பல்லுதானே!" என்று பக்கத்தைப் புரட்டி விடாதீர்கள். பல் வலியால் யாராவது செத்துப் போவார்களா என்று கேட்பவர்கள் நம்மில் பலர் உண்டு. போவார்கள். அப்படி நடக்காமல் தடுப்பது எப்படி என்று சொல்லத்தான் இதை எழுதுகிறோம்.

லயத்தில் அடிக்கடி நடக்கும் ஒரு காட்சியை நினைத்துப் பாருங்கள். ஆள் பெயர், தோட்டத்துப் பெயர் எதுவும் வேண்டாம். செமினியிலும் நடக்கும், கிள்ளானிலும் நடக்கும்.

விடியற்காலை பெரட்டுக்குப் போக வேண்டிய தம்பி, கன்னத்தைக் கையில் தாங்கிக் கொண்டு வாசற்படியில் உட்கார்ந்திருக்கிறான். பக்கத்து வீட்டு அக்கா பார்க்கிறார்.

"என்னடா தம்பி, மூஞ்சி ஒரு பக்கம் ஊதிக் கெடக்கு?"

"கடவாப் பல்லுக்கா. ராவெல்லாம் தூக்கமே இல்ல."

"கிளினிக்குக்குப் போக வேண்டியதுதானே?"

"போனா ஒரு நாள் சம்பளம் போச்சு. பஸ்சு காசு வேற."

"இரு வர்றேன். போன மாசம் எங்க வீட்டுக்காரருக்குக் கால்ல சீழ் வச்சப்போ கொடுத்த மாத்திர நாலு மிச்சம் கெடக்கு. செவப்பும் மஞ்சளுமா இருக்குமே, அதான். போட்டுக்க, சரியாப் போயிடும்."

அக்கா நல்ல மனதோடுதான் கொடுக்கிறார். தம்பி இரண்டைப் போடுகிறான். வீக்கம் கொஞ்சம் வற்றுகிறது, வலியும் தணிகிறது. பாக்கி இரண்டைப் பத்திரமாக டப்பாவில் போட்டு வைக்கிறான். மூன்று வாரம் கழித்து மறுபடியும் வலி. மறுபடியும் மாத்திரை. இந்தத் தடவை வீக்கம் வற்றவில்லை. தாடைக்குக் கீழே, கழுத்துப் பக்கமாக இறங்குகிறது.

தப்பு எங்கே நடந்தது? பல்லைக் கவனிக்காதது ஒரு தப்பு. மாத்திரையைக் கண்டபடி போட்டது இன்னொரு தப்பு. இரண்டும் விளங்க வேண்டுமானால், நம் வாய்க்குள் குடியிருக்கும் கிருமிகளை முதலில் தெரிந்து கொள்ள வேண்டும்.

வாய்க்குள் ஒரு குடியிருப்பு

ஹாலந்து நாட்டில் டெல்ஃப்ட் என்ற ஊரில் லேவன்ஹுக் என்று ஒரு துணி வியாபாரி இருந்தார். அவர் டாக்டர் இல்லை, பெரிய படிப்பும் இல்லை. ஆனால் தாமே கண்ணாடியைத் தேய்த்து உருப்பெருக்கி செய்வதில் கெட்டிக்காரர். 1683-ஆம் ஆண்டு தம் பல் இடுக்கில் மாவு போல ஒட்டியிருந்த வெள்ளை அழுக்கைச் சுரண்டி, அந்தக் கண்ணாடி வழியாகப் பார்த்தார். கண்ணுக்குத் தெரியாத சின்னஞ்சிறு உயிர்கள் அதில் ஓடித் திரிந்தன. இத்தனைக்கும் அவர் தினமும் உப்பு வைத்துப் பல் தேய்க்கும் மனிதர். வாய்க் கிருமியை முதன்முதலில் கண்ணால் பார்த்து எழுதி வைத்தவர் அவர்தான்.

மனித வாயில் 700-க்கும் மேற்பட்ட வகைக் கிருமிகள் இருப்பதாக இன்றைக்குக் கணக்கிட்டிருக்கிறார்கள். எல்லா வகையும் ஒரே ஆளின் வாயில் இருக்காது. இருப்பவற்றிலும் பெரும்பாலானவை நமக்குக் கெடுதல் செய்யாதவை. வெளியிலிருந்து வரும் பொல்லாத கிருமிக்கு இடம் கொடுக்காமல் காவல் காப்பவை கூட உண்டு. ஆகவே வாயில் கிருமி இருப்பது நோய் அல்ல. அது இயற்கை.

பின் பல் எப்படிக் கெடுகிறது? ஸ்ட்ரெப்டோகாக்கஸ் மியூட்டன்ஸ் என்று ஒரு கிருமி. நாம் சாப்பிடும் சீனிதான் அதற்கும் சாப்பாடு. சீனியைத் தின்று விட்டுப் புளிப்பு நீரைக் கக்கும். அந்தப் புளிப்பு பல்லின் மேல் ஓட்டைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைக்கும். டின் பால் ஊற்றிய தேத்தண்ணியைப் போத்தலில் கொண்டு போய், வெளிக்காட்டில் மணிக்கு ஒரு மடக்காகக் காலை முழுக்கக் குடிக்கிறோமே, அது நமக்குத் தெம்பு. அந்தக் கிருமிக்கோ நாள் முழுக்க விருந்து! ஒரே தடவையில் குடித்து முடித்து, வெறும் தண்ணீரால் வாயைக் கொப்பளித்தால் பல்லுக்கு வரும் சேதம் குறையும்.

லேவன்ஹுக் இன்னொரு சோதனையும் செய்தார். நம் கதைக்கு அதுதான் முக்கியம். காடியால் வாயைக் கொப்பளித்து விட்டு, மறுபடியும் பல் அழுக்கைச் சுரண்டிப் பார்த்தார். உயிர்கள் அப்படியே இருந்தன. பிறகு சுரண்டி எடுத்த அழுக்கைக் காடியில் கலந்து பார்த்தார். உடனே செத்தன. ஆக, காடிக்குக் கொல்லும் சக்தி இருந்தது. ஆனால் அழுக்குப் படலத்தின் மேலே இருந்தவற்றை மட்டும்தான் அது தொட்டது. உள்ளே இருந்தவை தப்பித்துக் கொண்டன.

இந்த உண்மை இன்றும் மாறவில்லை. பல்லின் மேல் பிசுபிசுவென்று படியும் அந்தப் படலத்துக்குள் கிருமிகள் ஒன்றையொன்று ஒட்டி, பசை போன்ற ஒன்றைச் சுரந்து, அதற்குள்ளே பதுங்கி வாழ்கின்றன. தனியாகத் திரியும் கிருமியைக் கொல்லப் போதுமான மருந்து, படலத்துக்குள் இருக்கும் அதே கிருமியைக் கொல்லப் போதாது. பல மடங்கு, சில சமயம் நூறு மடங்குக்கும் மேல் தேவைப்படும். அவ்வளவு மருந்தை மனித உடம்பு தாங்காது. கிருமிகளும் சங்கம் வைத்துக் கொண்டிருக்கின்றன போலிருக்கிறது! ஒற்றுமையாக இருப்பவனை அசைப்பது கஷ்டம் என்பது நமக்குத் தெரியாததா?

அந்தச் சங்கத்தைக் கலைப்பது மருந்து அல்ல, பிரஷ்தான். காலையும் இரவும் இரண்டு நிமிஷம் தேய்த்தால் படலம் கலைந்து விடும். கலைக்காமல் விட்டால் இறுகிக் காரையாகி விடும். அப்புறம் பல் டாக்டர் சுரண்டினால்தான் போகும்.

மாத்திரை ஏன் பல்லுக்குள் போவதில்லை?

ஓட்டை விழுந்த பல்லைக் கவனிக்காமல் விட்டால் கிருமி உள்ளே இறங்கும். பல்லின் நடுவே நரம்பும் ரத்தமும் ஓடும் மெல்லிய சதை இருக்கிறது. கிருமி அங்கே போனதும் உயிர் போகிற வலி வரும். சில நாள் கழித்து வலி தானாக நின்று விடுவதும் உண்டு. "நல்லாப் போச்சு" என்று நாம் சந்தோஷப்படுவோம். நல்லாகவில்லை. உள்ளே இருந்த சதை செத்துப் போய்விட்டது, அவ்வளவுதான். அதன் பிறகு வேரின் நுனி வழியாகக் கிருமி எலும்புக்குள் இறங்கிச் சீழ் கட்டும்.

இங்கேதான் சூட்சுமம் இருக்கிறது. நாம் விழுங்கும் மாத்திரை வயிற்றில் கரைந்து, ரத்தத்தில் கலந்து, ரத்தம் போகும் இடத்துக்கெல்லாம் போகிறது. செத்த பல்லுக்குள் ரத்தம் போவதில்லை. ரத்தம் போகாத இடத்துக்கு மருந்து எப்படிப் போகும்? கட்டி நிற்கும் சீழுக்குள்ளும் மருந்து சரியாக நுழையாது. அதனால்தான் தம்பிக்கு வீக்கம் மட்டும் வற்றியது. பல்லைச் சுற்றிப் பரவிய கிருமியை மருந்து கொஞ்சம் அடக்கியது. பல்லுக்குள் இருந்த மூலக் கூட்டம் அப்படியே இருந்தது. மூன்று வாரத்தில் திரும்பி வந்தது.

ஆகவே பல் சீழுக்கு உண்மையான வைத்தியம் மூன்றுதான். சீழை வெளியேற்றுவது, பல்லின் வேரைச் சுத்தம் செய்து அடைப்பது, காப்பாற்ற முடியாத பல்லைப் பிடுங்குவது. கிருமிக்கொல்லி மாத்திரை இதற்குத் துணைதான். காய்ச்சல் வந்தால், வீக்கம் பரவினால், உடம்பில் எதிர்ப்புச் சக்தி குறைந்திருந்தால் டாக்டர் அதையும் சேர்த்துக் கொடுப்பார். "மாத்திரை எழுதிக் கொடுக்காத டாக்டர் என்ன டாக்டர்?" என்று கோபப்படாதீர்கள். பல்லைச் சரி செய்து விட்டு மாத்திரை வேண்டாம் என்கிறவர், தம் வேலையைச் சரியாகத்தான் செய்திருக்கிறார்.

அகர் அகரில் ஒரு சோதனை

எந்தக் கிருமிக்கு எந்த மருந்து கேட்கும் என்று எப்படிக் கண்டுபிடிக்கிறார்கள்? இதில் நம் வட்டாரத்துச் சரக்கு ஒன்றுக்கும் பங்கு உண்டு. பாசார் மாலாமில் கலர் கலராக வெட்டி விற்கிறார்களே, அகர் அகர், அதேதான்!

1881-ஆம் ஆண்டு ஜெர்மனியில் கிருமிகளை வளர்க்க ஜெலட்டின் பாகைப் பயன்படுத்தினார்கள். வெயில் காலத்தில் அது உருகிப் போய் ஆராய்ச்சி கெட்டது. ஆராய்ச்சியாளர் ஒருவரின் மனைவி ஃபேனி ஹெஸ்ஸே, தம் சமையலறையில் உபயோகிக்கும் அகர் அகரைப் போட்டுப் பார்க்கச் சொன்னார். ஜாவாவில் வாழ்ந்து வந்த ஒரு குடும்பத்தாரிடமிருந்து அதைப் பற்றித் தெரிந்து கொண்டவர் அவர். சூட்டில் உருகாத அந்தப் பாகில் கிருமிகள் அழகாக வளர்ந்தன. இன்றைக்கும் உலகம் முழுக்க ஆஸ்பத்திரிச் சோதனைக் கூடங்களில் அகர்தான். ஒரு குடும்பப் பெண்மணியின் அடுப்பங்கரை அறிவு எத்தனை உயிரைக் காப்பாற்றியிருக்கிறது பாருங்கள்!

சோதனை இப்படித்தான் நடக்கும். நோயாளியின் சீழில் கொஞ்சம் எடுத்து, அதில் இருக்கும் கிருமியைப் பிரித்து, அகர் தட்டு முழுக்கத் தடவுவார்கள். அதன் மேல் சின்னப் பொட்டு அளவில் வட்டக் காகிதங்களை வைப்பார்கள். ஒவ்வொரு காகிதத்திலும் ஒவ்வொரு மருந்து ஊறியிருக்கும். ஓர் இரவு முழுக்க உடம்புச் சூட்டில் வைத்து, மறுநாள் எடுத்துப் பார்ப்பார்கள். தட்டு முழுக்கக் கிருமி படர்ந்திருக்கும். மருந்து கேட்ட இடத்தில் மட்டும் காகிதத்தைச் சுற்றி ஒரு வளையம் சுத்தமாக இருக்கும். மருந்து கேட்காத இடத்தில் கிருமி காகிதத்தின் விளிம்பு வரை வந்து நிற்கும். வளையத்தின் அகலத்தை அளந்து பார்த்து, இந்தக் கிருமி இந்த மருந்துக்கு அடங்கும், இதற்கு அடங்காது என்று தீர்மானிப்பார்கள்.

ஆனால் வாய்க் கிருமிகளில் பல, காற்றுப் பட்டாலே சாகிறவை. அவற்றைக் காற்றில்லாத ஜாடியில் வளர்க்க வேண்டும். பல நாள் பிடிக்கும். அதனால் பல் வலி என்று போகும் எல்லோருக்கும் இந்தச் சோதனை செய்ய முடியாது. எந்த மருந்து பொதுவாகக் கேட்கிறது என்ற அனுபவக் கணக்கை வைத்துத்தான் டாக்டர் எழுதிக் கொடுக்கிறார். அந்தக் கணக்கு பொய்த்துப் போகாமல் இருப்பது நம் எல்லோர் கையிலும் இருக்கிறது. எப்படி என்று பாருங்கள்.

புல் சொல்லும் பாடம்

தோட்டத்தில் மருந்தடிக்கும் வேலை பார்த்த சகோதரிகளுக்கு இது சொல்லாமலே விளங்கும். தோளில் பம்பை மாட்டிக் கொண்டு வருஷக் கணக்காக ஒரே புல் மருந்தை அடித்திருப்பீர்கள். ஆரம்பத்தில் புல் கருகிச் சாகும். போகப் போக, சில இடத்தில் அடித்தாலும் புல் சிலிர்த்துக் கொண்டு நிற்கும்.

கேழ்வரகுக்குச் சொந்தமான ஒரு புல் இருக்கிறது. மலாயில் ரும்புட் சம்பாவ் என்பார்கள். கிளைபோசேட் மருந்துக்குச் சாகாத ரும்புட் சம்பாவ், 1997-ஆம் ஆண்டு நம் நாட்டில், பேராக் தெலுக் இந்தான் பகுதியில் கண்டுபிடிக்கப்பட்டது. புல் பாடம் படித்து மாறி விடவில்லை. ஆயிரக்கணக்கான புல்லில் ஒன்றிரண்டு பிறவியிலேயே மருந்தைத் தாங்கும். மற்றதெல்லாம் செத்த பிறகு, மிஞ்சிய அந்த ஒன்றிரண்டுக்கு இடமும் உரமும் தாராளம். விதை போட்டுப் பெருகும். கடைசியில் காடு முழுக்க அதன் வம்சம்தான்.

கிருமி விஷயத்திலும் இதே கதைதான். புல் ஒரு தலைமுறை பெருக வாரக் கணக்கு ஆகும். கிருமிக்கு நிமிஷக் கணக்கு போதும்! தேவையில்லாமல் போடும் ஒவ்வொரு மாத்திரையும் சாதுவான கிருமிகளைக் கொன்று, முரட்டுக் கிருமிகளுக்கு இடம் காலி பண்ணிக் கொடுக்கிறது. அரைகுறையாகப் போட்டால் இன்னும் மோசம். நோயும் தீராது, முரட்டுக் கிருமியும் பெருகும்.

பிரிவோடெல்லா என்ற வாய்க் கிருமியில் சில வகை, பென்சிலினை வெட்டிப் போடும் ஒரு பொருளைச் சுரக்கின்றன. அது அந்தக் கிருமியை மட்டும் காப்பாற்றுவதில்லை. பக்கத்தில் இருக்கும் மற்றக் கிருமிகளுக்கும் குடை பிடிக்கிறது. இன்னொன்று, ஸ்ட்ரெப்டோகாக்கஸ் மைட்டிஸ். நம் எல்லோர் வாயிலும் சாதுவாக வாழ்வது. பென்சிலினைத் தாங்கும் தன்மை வந்து விட்டால், அந்தத் தன்மையை நிமோனியாக் கிருமிக்கு இரவல் கொடுத்து விடும் என்று விஞ்ஞானிகள் கண்டிருக்கிறார்கள். இரண்டும் கிட்டத்துச் சொந்தம். பல்லுக்காக நாம் போட்ட மாத்திரை, நாளைக்குப் பிள்ளையின் நெஞ்சுச் சளிக்கு மருந்து கேட்காமல் செய்யலாம்.

இதை முதலில் எச்சரித்தவர் வேறு யாருமில்லை, 1928-இல் பென்சிலினைக் கண்டுபிடித்த அலெக்சாண்டர் ஃபிளெமிங்தான். 1945-இல் நோபல் பரிசு வாங்கியபோது தம் உரையில் கற்பனையாக ஒரு கதை சொன்னார். ஒருவனுக்குத் தொண்டை வலி. தானே பென்சிலின் வாங்கிப் போடுகிறான். கிருமி சாகிற அளவுக்குப் போடவில்லை, மருந்தைத் தாங்கப் பழகுகிற அளவுக்குத்தான் போடுகிறான். அந்தக் கிருமி அவன் மனைவிக்குத் தொற்றுகிறது. அவளுக்கு நிமோனியா. பென்சிலின் கொடுக்கிறார்கள். கேட்கவில்லை. அவள் இறந்து போகிறாள். மருந்தைச் சரியாகப் போடாதது அவன், உயிரை விட்டது அவள்.

அன்று கற்பனை, இன்று நிஜம். மருந்துக்கு அடங்காத கிருமிகளால் 2019-ஆம் ஆண்டில் மட்டும் உலகத்தில் சுமார் 12 இலட்சத்து 70 ஆயிரம் பேர் இறந்ததாக, 2022-இல் வெளியான ஆய்வு சொல்கிறது. நம் நாட்டில் கிருமிக்கொல்லி மருந்தை டாக்டர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாது என்று சட்டமே இருக்கிறது. 1900-இல் கோலாலம்பூரில் தொடங்கிய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம், எந்தக் கிருமிக்கு எந்த மருந்து கேட்காமல் போகிறது என்று ஆஸ்பத்திரிகளிலிருந்து கணக்கெடுத்து வருகிறது. சட்டம் கடையைக் கட்டுப்படுத்தும். நம் வீட்டு அலமாரி டப்பாவை யார் கட்டுப்படுத்துவது? நாம்தான்.

வெற்றிலையும் கொய்யா இலையும்

"இங்கிலீஷ் மருந்து வேண்டாம், நம்ம வைத்தியம் போதும்" என்பவர்களும் உண்டு. அவர்களுக்கும் ஒரு வார்த்தை.

மலாயாப் பல்கலைக்கழகத்தில் பல் மருத்துவப் படிப்பு 1972-இல் தொடங்கியது. அங்கே ஆராய்ச்சி செய்த பாத்திலா அப்துல் ரசாக், சுபைதா அப்துல் ரஹீம் ஆகியோர் வெற்றிலைச் சாற்றையும் கொய்யா இலைச் சாற்றையும் வாய்க் கிருமிகள் மேல் சோதித்துப் பார்த்தார்கள். பல்லில் முதலில் வந்து ஒட்டும் கிருமிகள், எச்சில் பூசிய கண்ணாடியில் ஒட்டுவதை இந்தச் சாறுகள் குறைத்தன என்று 2003-இல் எழுதினார்கள். நம் பாட்டிமார் கொய்யாக் கொழுந்தை மென்றதில் விஷயம் இருந்திருக்கிறது!

ஆனால் இரண்டு விஷயத்தை மறக்கக் கூடாது. முதலாவது, சோதனை நடந்தது கண்ணாடியில். சீழ் பிடித்த பல்லில் அல்ல. கிருமியை ஒட்டவிடாமல் தடுப்பது வேறு, எலும்புக்குள் இறங்கிய சீழை எடுப்பது வேறு. கொய்யா இலைத் தண்ணீரால் தாராளமாகக் கொப்பளியுங்கள். அதை நம்பிப் பல் டாக்டரிடம் போகாமல் இருந்து விடாதீர்கள்.

இரண்டாவது, வெற்றிலை வேறு, வெற்றிலை பாக்கு வேறு. பாக்கு புற்றுநோயை உண்டாக்கும் பொருள் என்று உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆராய்ச்சிப் பிரிவு 2004-இல் உறுதியாக அறிவித்தது. புகையிலை சேர்க்காமல் போட்டாலும் ஆபத்துத்தான். சேர்த்தால் இன்னும் அதிகம். நம் நாட்டில் வாய்ப் புற்றுநோய் இந்தியர்களைத்தான் அதிகம் தாக்குகிறது. பாட்டி, தாத்தா கோபித்துக் கொண்டாலும் பரவாயில்லை, இதை அவர்களுக்குப் படித்துக் காட்டுங்கள். வாயில் வெள்ளைத் திட்டு, சிவப்புத் திட்டு, இரண்டு மூன்று வாரமாக ஆறாத புண், கட்டி இருந்தால் வலி இல்லாவிட்டாலும் உடனே காட்டுங்கள்.

லீவு போட்டால் சம்பளம் போகுமா?

தம்பி கிளினிக்குக்குப் போகாததற்கு முதல் காரணம் என்ன? ஒரு நாள் சம்பளம். இந்தப் பயம் நியாயமானதுதான். ஆனால் சட்டம் நம் பக்கம் இருக்கிறது.

1955-ஆம் ஆண்டு வேலைச் சட்டப்படி சம்பளத்தோடு நோய் விடுப்பு எடுக்க உங்களுக்கு உரிமை உண்டு. இரண்டு வருஷத்துக்குக் குறைவாக வேலை செய்தவருக்கு ஆண்டுக்கு 14 நாள். இரண்டு முதல் ஐந்து வருஷத்துக்குள் என்றால் 18 நாள். ஐந்து வருஷமும் அதற்கு மேலும் என்றால் 22 நாள். பல் டாக்டர் பரிசோதித்துக் கொடுக்கும் எம்.சி.யும் இந்த நாட்களுக்குள் செல்லுபடியாகும். "பல்லுக்கெல்லாம் எம்.சி. கெடயாது" என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். விடுப்பு தொடங்கி 48 மணி நேரத்துக்குள் நிர்வாகத்துக்குத் தெரிவித்து விட வேண்டும். அதில் மட்டும் அசட்டையாக இருக்காதீர்கள். தகராறு வந்தால் உங்கள் தோட்டத் தொழிற்சங்கச் செயலாளரிடம் சொல்லுங்கள்.

ரிஞ்சிங், டொமினியன் என்று தோட்டப் பெயர்களால் அறியப்பட்ட செமினி வட்டாரம் இன்று எவ்வளவோ மாறி விட்டது. ரப்பர் நின்ற இடத்தில் செம்பனை, செம்பனை நின்ற இடத்தில் வீடுகள். 2005 முதல் செமினியில் வெளிநாட்டுப் பல்கலைக்கழகக் கிளையே நடக்கிறது. சுற்றிலும் இத்தனை வந்த பிறகும் லயத்தில் மிச்ச மாத்திரையை நம்பி உட்கார்ந்திருப்பது நமக்கு அழகா?

ஞாபகத்தில் வைக்க வேண்டியவை

பல் வலி தொடங்கிய அன்றே அரசாங்கப் பல் கிளினிக்குக்குப் போகப் பாருங்கள். போகும் வரை, அரைத் தேக்கரண்டி உப்பு போட்ட வெதுவெதுப்பான தண்ணீரால் கொப்பளியுங்கள். வலிக்கு 500 மில்லிகிராம் பாரசெட்டமால், பெரியவர்கள் ஒரு தடவைக்கு இரண்டு வரை போடலாம். ஆறு மணி நேரம் இடைவெளி விட வேண்டும். ஒரு நாளில் எட்டைத் தாண்டவே கூடாது. ஈரல் நோய் உள்ளவர்களும் தினமும் குடிப்பவர்களும் கேட்காமல் போடக் கூடாது. பல் மேல் ஆஸ்பிரின் வைப்பது, புகையிலை அடைப்பது, பெட்ரோல் தடவுவது எல்லாம் ஈறை வேக வைத்து விடும்.

டாக்டர் கிருமிக்கொல்லி கொடுத்தால், எத்தனை வேளை, எத்தனை நாள் என்று கேட்டுத் தெரிந்து கொண்டு அதன்படி போடுங்கள். வலி நின்றது என்று நீங்களாக நிறுத்தாதீர்கள். நிறுத்தலாமா என்று அவரையே கேளுங்கள். உங்கள் மாத்திரையை மற்றவருக்குக் கொடுக்காதீர்கள், மற்றவர் மாத்திரையை வாங்காதீர்கள். முன்பு எந்த மருந்தாவது ஒத்துக் கொள்ளாமல் உடம்பு தடித்திருந்தால், மூச்சு முட்டியிருந்தால் முதலிலேயே சொல்லி விடுங்கள்.

வாய்க் கிருமிக்கு மெட்ரோனிடசோல் என்ற மாத்திரை கொடுப்பார்கள். அதைப் போடும் நாட்களிலும், முடித்த பிறகு இரண்டு நாளும் பீர், கள், சம்சு எதுவும் தொடக் கூடாது. வாந்தியும் படபடப்பும் வந்து படுக்க வைத்து விடும்.

கர்ப்பிணிகள், இனிப்பு நீர் உள்ளவர்கள், இருதய வால்வு கோளாறு உள்ளவர்கள் அதைப் பல் டாக்டரிடம் கட்டாயம் சொல்ல வேண்டும். இனிப்பு நீர்க்காரருக்குச் சீழ் வேகமாகப் பரவும். பல் பிடுங்கும்போது வாய்க் கிருமி ரத்தத்தில் கலக்கும். நல்ல இருதயம் அதைச் சமாளித்து விடும். பழுதான வால்வில் அது போய் உட்கார்ந்து கொள்ளலாம். அதனால் அப்படிப்பட்டவர்களில் சிலருக்குப் பல் பிடுங்கும் முன்பே மருந்து கொடுப்பார்கள்.

காத்திருக்கக் கூடாத நேரம்

கீழே சொல்லும் அறிகுறிகளில் ஒன்று இருந்தாலும் கிளினிக்கு திறக்கட்டும், விடியட்டும் என்று காத்திருக்காதீர்கள். வீக்கம் தாடைக்குக் கீழே இறங்குவது. கண் பக்கம் ஏறுவது. வாயைத் திறக்க முடியாமல் போவது. எச்சிலை விழுங்க முடியாமல் வழிவது. நாக்கு மேலே தூக்கிக் கொள்வது. குரல் மாறுவது. குளிர்க் காய்ச்சல். மூச்சு விடக் கஷ்டம். இப்படி இருந்தால் சீழ் கழுத்துக்குள் இறங்கி மூச்சுக் குழாயை நெரிக்கத் தொடங்கியிருக்கலாம். சில மணி நேரத்தில் உயிர் போகலாம். செமினிப் பக்கத்தவர்கள் காஜாங் ஆஸ்பத்திரி அவசரப் பிரிவுக்கு ஓடுங்கள். வண்டி இல்லை என்றால் 999-ஐ அழையுங்கள். ராத்திரி நேரம், மானேஜரைத் தொந்தரவு செய்வதா என்று தயங்காதீர்கள். தோட்டத்து வண்டியைக் கேளுங்கள்.

கடைசியாக, நம் அக்காவுக்கு ஒரு வேண்டுகோள். அக்கா, உங்கள் நல்ல மனசு எங்களுக்குத் தெரியும். அடுத்த தடவை தம்பி கன்னத்தைப் பிடித்துக் கொண்டு உட்கார்ந்தால், டப்பாவைத் திறக்காதீர்கள். "எழுந்திருடா, நானும் கூட வர்றேன்" என்று சொல்லி அவனைக் கிளினிக்குக்குக் கூட்டிப் போங்கள். போகும்போது டப்பாவில் மிச்சம் கிடக்கும் பழைய மாத்திரைகளையும் எடுத்துக் கொண்டு போய், அரசாங்க மருந்துக் கவுண்டரில் கொடுத்து விடுங்கள். வாங்கிக் கொள்வார்கள்.

தம்பியின் பல் சரியாகும். அந்த மருந்து நாளைக்கு உங்கள் பேரப்பிள்ளைக்குத் தேவைப்படும்போது அதுவும் வேலை செய்யும்.